கோத்தகிரியில் ஆறு தானியங்கி கேமராக்கள்: எதை எண்ணலாம், எதை எண்ண முடியாது

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சோலைத் துண்டுகளில் தானியங்கி கேமரா வைத்து, எத்தனை சிறுத்தை, எத்தனை கரடி, எத்தனை காட்டுமாடு இருக்கின்றன என்று கணக்கெடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு கேமராவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். சிறுத்தைகளை ஓரளவு தனித்தனியாக அடையாளம் காணலாம். கரடியையும் காட்டுமாட்டையும் எண்ண முடியாது. ஆனால் எந்த விலங்கு எந்தச் சோலைக்கு வருகிறது, எந்த நேரத்தில் நடமாடுகிறது என்பதை ஆறு கேமராவால் நன்றாகவே சொல்ல முடியும். கரடியும் மனிதரும் ஒரே பாதையில் நடக்கும் ஊருக்கு எண்ணிக்கையைவிட அதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

தானியங்கி கேமரா என்றதும் எல்லோருக்கும் படம்தான் நினைவுக்கு வருகிறது. கணக்கெடுப்பில் படம் பாதி வேலைகூட இல்லை. கேமரா முன்னால் வராமல் போன விலங்குகள் எவ்வளவு என்று கணிக்க ஒரு வழி இருந்தால்தான், வந்தவற்றின் எண்ணிக்கைக்கு மதிப்பு. அந்த வழியை முதல் கேமராவைக் கட்டுவதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும். ஆறு மாதம் படம் சேர்த்துவிட்டு, அப்புறம் இதை வைத்து என்ன சொல்லலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

புலிக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இது விளங்கும். நம் நாட்டில் நெடுங்காலம் புலிகளைக் காலடித் தடத்தை வைத்தே எண்ணினார்கள். தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து அதன் விளிம்பை வரைந்துகொள்வார்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சும் எடுப்பார்கள். பிறகு எது எந்தப் புலியின் தடம் என்று அனுபவசாலிகள் பிரிப்பார்கள். ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரி விழும், புழுதியில் வேறு மாதிரி விழும். ஆனால் அதைவிடப் பெரிய குறை, காட்டிலிருக்கும் எல்லாப் புலிகளின் தடமும் கிடைத்துவிட்டது என்று அந்த முறை எடுத்துக்கொண்டதுதான். விடுபட்டவை எத்தனை என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பதாகவே அலுவல் கணக்குகள் சொல்லிவந்தன. 2005-ல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை.

அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில், கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் வேறொரு வழியில் இறங்கியிருந்தார். ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இருக்காது. அதனால் படத்தை வைத்து இது முன்பு வந்த புலியா, புதியதா என்று ஐயமில்லாமல் சொல்லலாம். முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் 24 விழுகின்றன, அவற்றில் 16 முன்பே பார்த்தவை. அதாவது இரண்டாம் சுற்றில் வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு பழகிய முகங்கள். அப்படியானால் முதல் சுற்றில் நாம் பார்த்த 20-உம் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகத்தான் இருக்க வேண்டும். ஆக மொத்தம் சுமார் 30. பார்க்காத புலிகளைப் பற்றிச் சொல்லும் தகவல், பார்த்த புலி திரும்ப வருவதில்தான் இருக்கிறது. இன்று பயன்படும் கணிதம் இதைவிட நுட்பமானது. எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்ற இடக்கணக்கையும் சேர்த்து, நூறு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று அடர்த்தியைத் தருகிறது. அடிப்படை மட்டும் அதேதான்.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் கணக்கெடுப்பில் இந்த முறையே கையாளப்படுகிறது. 2018 சுற்றில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலிப் படங்கள் 76,651 மட்டுமே, அதாவது ஆயிரத்துக்கு இரண்டு. அவற்றிலிருந்து பிரித்தறிந்த தனிப் புலிகள் 2,461. ஆனால் அறிவித்த மதிப்பீடு 2,967. இடையில் இருக்கும் ஐந்நூறு சொச்சம் எந்தக் கேமராவிலும் விழாத புலிகள். அவற்றையும் சேர்த்துச் சொல்ல முடிவதால்தான் அது கணக்கெடுப்பு. இல்லையென்றால் அது வெறும் படத் தொகுப்பு.

வரியை வைத்து ஆளை அறிவது எவ்வளவு முக்கியம் என்பதை நீலகிரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021-ல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியைத் தேடியபோது அதே காட்டில் வேறு புலிகளும் நடமாடின. தேடுவது எதை என்று உறுதி செய்யத் தானியங்கி கேமராப் படங்களின் வரிகளே கைகொடுத்தன. அக்டோபர் 15 அன்று அதை உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அடையாளம் தவறியிருந்தால் தொடர்பில்லாத ஒரு புலி கூண்டுக்குள் போயிருக்கும்.

இனி உங்கள் சிறுத்தைக்கு வருவோம். சிறுத்தையின் புள்ளிக் கொத்துகளும் புலியின் வரியைப் போலத் தனித்தனி அமைப்பு உடையவை. ஆனால் இடது விலாவில் இருக்கும் அமைப்பு வலது விலாவில் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால், இடப்பக்கப் படம் ஒன்றும் வலப்பக்கப் படம் ஒன்றும் ஒரே சிறுத்தையா, இரண்டா என்று தெரியாது. அதனால் பாதையின் இருபுறமும் கேமரா வைக்க வேண்டும். உங்கள் ஆறு கேமரா அப்போது மூன்று இடத்துக்குத்தான் வரும். மூன்று இடத்தை வைத்துச் சிறுத்தையின் அடர்த்தியைச் சொல்ல முடியாது. ஒரு சிறுத்தை சுற்றிவரும் பரப்பு உங்கள் சோலைத் துண்டுகளையெல்லாம் தாண்டிப் போகும். ‘குறைந்தது இத்தனை சிறுத்தைகள் இந்தப் பக்கம் வருகின்றன’ என்று மட்டும் சொல்லலாம். அது நேர்மையான வாக்கியம். அதற்கு மேல் போகாதீர்கள்.

கருஞ்சிறுத்தை உங்கள் பகுதியில் அவ்வப்போது தென்படுவதால் ஒன்று சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அதன் புள்ளிகள் கருமையில் மறைந்துவிடும். இரவில் அகச்சிவப்பு விளக்கில் எடுத்தால் தெளிவாகத் தெரியும். மலேசியத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. அங்கே ஆய்வாளர்கள் கேமராவின் ஒளி உணரியை மூடிவைத்து, பகலிலும் அகச்சிவப்பிலேயே படம் எடுக்க வைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சிறுத்தையையும் பிரித்தறிய முடிந்தது. புலிக் கணக்கெடுப்பில் வரிகள் மங்காமல் விழ வெள்ளை ஃபிளாஷ் கேமராக்களை விரும்புவார்கள். உங்களுக்கு அகச்சிவப்பே போதும். வெள்ளை ஃபிளாஷ் வீடுகளுக்குப் பக்கத்தில் மின்னினால் கேமரா எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், மறுநாள் அது அங்கே இருக்காது.

கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் இப்படிப்பட்ட அடையாளம் இல்லை. கரடியின் மார்பில் வெள்ளைக் குறி உண்டு, ஆனால் நான்கு காலில் நடக்கும்போது அது கேமராவுக்குத் தெரிவது அரிது. காது கிழிந்தது, கொம்பு முறிந்தது என்று ஒன்றிரண்டைப் பிரித்தறியலாம், மீதியெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இங்கேதான் பலர் ஒரு குறுக்கு வழியில் போகிறார்கள். நூறு கேமரா நாளுக்கு (ஒரு கேமரா ஒரு நாள் இயங்கினால் அது ஒரு கேமரா நாள்) எத்தனை படம் என்று கணக்குப் போட்டு, படம் அதிகம் வந்த இடத்தில் விலங்கும் அதிகம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரே கரடி தினமும் இருமுறை அதே பாதையில் போய்வந்தால் அது பத்துக் கரடிக்குச் சமமான படத்தைத் தந்துவிடும். புதர் அடர்ந்த இடத்தில் கேமராவின் பார்வை நான்கு மீட்டரோடு நின்றுவிடும், திறந்த இடத்தில் பதினைந்து மீட்டர் போகும். படங்களின் எண்ணிக்கை கேமரா எங்கே இருக்கிறது என்பதைத்தான் பெரிதும் சொல்கிறது. இந்த எண்ணை வைத்து ஒரு சோலையை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம் என்று உங்களை அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பதிலாகக் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை கரடி என்று கேட்காமல், எத்தனை சோலைகளில் கரடி நடமாடுகிறது என்று கேளுங்கள். இதற்குத் தனி அடையாளம் தேவையில்லை. ஒவ்வொரு இடத்திலும் வாரம் வாரமாக ‘வந்தது, வரவில்லை’ என்று பதிந்தால் போதும். இங்கேயும் பார்க்காததைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் கேளையாடு என்ற சின்ன மான் இருந்தும் ஒரு வாரத்தில் அது படத்தில் விழும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் காத்திருந்தாலும் ஒருமுறைகூட விழாமல் போக ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு வாரம் வைத்தால் அது எட்டில் ஒன்றாகக் குறையும். கேளையாடு இருக்கும் சோலைகளில் நான்கில் ஒன்றை இல்லை என்று எழுதிவைப்பதும், எட்டில் ஒன்றை அப்படி எழுதுவதும் ஒன்றல்ல. வாராந்திரப் பதிவு இருந்தால் இந்த வாய்ப்பையே தரவிலிருந்து கணித்து, விடுபட்ட சோலைகளுக்கும் ஈடுகட்டலாம். ‘படத்தில் வரவில்லை, அதனால் இல்லை’ என்று யாராவது சொன்னால், எத்தனை வாரம் வைத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பன்னிரண்டு சோலைத் துண்டுகளைத் தேர்வேன். நல்ல சோலை, கெட்ட சோலை, பெரியது, சிறியது, வீடுகளுக்கு அருகே, தூரத்தில் என்று எல்லாம் கலந்திருக்க வேண்டும். விலங்கு நிச்சயம் வரும் என்று தெரிந்த இடங்களை மட்டும் எடுத்தால் எல்லாச் சோலையிலும் எல்லாம் இருக்கிறது என்றுதான் விடை வரும். ஒரு சோலைக்கு ஒரு கேமரா. முதல் ஆறு சோலைகளில் ஆறு வாரம், அடுத்த ஆறில் ஆறு வாரம். ஜனவரியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மார்ச்சுக்குள் ஒரே பருவத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டும் அதே மாதங்களில், அதே இடங்களில், அதே உயரத்தில். கண்காணிப்பு என்பது இந்த ‘அதே’வில்தான் இருக்கிறது. கேமராவை ஒரு அடி ஏற்றிக் கட்டினால்கூட, சின்ன விலங்குகள் குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

சோலைக்குள் எந்த இடம் என்பதை அந்த இடத்தில் நடமாடும் மக்களிடம் கேளுங்கள். குறும்பர், இருளர் ஊர்களில் இருக்கும் பெரியவர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், விறகுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் எந்த ஓடையில் எது தண்ணீர் குடிக்க வரும் என்று தெரியும். வியட்நாமில் நம் சருகுமானின் உறவான வெள்ளி முதுகுச் சருகுமான் அழிந்துவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஊர் மக்களிடமும் வனக்காவலர்களிடமும் விசாரித்து, அவர்கள் சொன்ன காட்டில் முதலில் மூன்றே மூன்று கேமராக்கள் வைத்தார்கள். ஐந்து மாதத்தில் 275 படங்கள் கிடைத்தன. 2019-ல் அந்தச் செய்தி வெளியானபோது உலகமே வியந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

கட்டும் முறையில் சில விஷயங்களை நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கேமராவின் முகப்பில் கொஞ்சம் புடைத்த பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும். அதன் பின்னால் இருக்கும் உணரி வெறும் அசைவைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான அல்லது குளிர்ந்த ஒன்று நகர்வதையே உணர்கிறது. அதனால் மாயாறு பள்ளத்தாக்கில் ஏப்ரல் நடுப்பகலில், தரையும் விலங்கின் உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது, கண் முன்னால் போகும் மானையே விட்டுவிடும். கோத்தகிரிக் குளிரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வெயில் பட்டுச் சூடான உண்ணிச்செடி இலை காற்றில் ஆடினால் ஒரு மதியத்தில் ஆயிரம் வெற்றுப் படம் சேர்ந்துவிடும். எனவே முன்னால் இருக்கும் புல்லையும் தழையையும் தேவையான அளவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கேமராவைக் கிழக்கு மேற்காகத் திருப்பாமல் வடக்குப் பார்த்து வைத்தால் சூரியன் நேரே விழாது. நேராகக் கேமராவை நோக்கி வரும் விலங்கைவிடக் குறுக்கே போகும் விலங்கை உணரி விரைவாகப் பிடிக்கும், ஆகவே பாதைக்குக் குறுக்காக, மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. சரிவான நிலத்தில் கேமராவும் அந்தச் சரிவுக்கு இணையாகச் சாய வேண்டும், இல்லையென்றால் பாதி வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

கட்டி முடித்ததும் சோதிக்காமல் திரும்பாதீர்கள். அனுபவமுள்ள காவலர்கள் பாதையில் கைகளை ஊன்றி நான்கு காலில் நடந்து பார்ப்பார்கள். நிமிர்ந்து நடந்தால் கேமரா பிடிக்கும், முள்ளம்பன்றி உயரத்தில் போனால் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்புறம் இடத்தின் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் ஒரு சிலேட்டில் எழுதி, முதல் படமாகக் கேமராவுக்குக் காட்டுங்கள். கேமராவின் கடிகாரத்தில் முற்பகல், பிற்பகல் மாறியிருந்தால் கரடி நண்பகலில் நடமாடுவதாகத் தரவு சொல்லும். பல கேமராக்களில் மாதம் முதலில் வரும், 03/04 என்றால் மார்ச் 4. அந்தச் சிலேட்டுப் படம் ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் பின்னால் சரிபார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள், உங்கள் ஊர் மூடுபனிக்கு அது அவசியம். குஞ்சப்பனைப் பக்கம் கீழ்ச்சரிவில் வைத்தால் யானை பிடுங்கிப் போடும், இரும்புக் கூடு தேவை. இரை, வாசனைப் பொருள் எதுவும் வைக்காதீர்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் கரடியை ஓரிடத்துக்குப் பழக்குவது ஆபத்து.

தரையில் வைக்கும் கேமராவில் கருமந்தியும் மலையணிலும் எப்போதாவது இறங்கினால்தான் விழும். அவற்றைப் பற்றி இந்தத் தரவை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம்.

படங்களைப் பிரிப்பது முன்பு மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. இப்போது மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் வெற்றுப் படம், விலங்கு, மனிதர், வண்டி என்று தானாகவே பிரித்துத் தருகிறது. எந்த விலங்கு என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் நம் காட்டின் கீரி, புனுகுப்பூனை போன்றவற்றில் அவை சொல்வதை மனிதக் கண்ணால் பார்க்காமல் ஏற்க வேண்டாம். ஒரே இனம் அரை மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப விழுந்தால் அதை ஒரு வருகையாகவே பதியுங்கள்.

அனுமதி விஷயத்தில் கவனமாக இருங்கள். காப்புக்காட்டில் வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் ஒரு கேமராவும் கட்டக் கூடாது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போக வேண்டும். தனியார் தோட்டத்தில் உரிமையாளரின் சம்மதம் வாங்கி, ரேஞ்ச் அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பாதையில் நடக்கும் மக்களின் சம்மதம். உத்தராகண்டின் கார்பெட் காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்த ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வு 2024-ல் வெளியானது. விலங்குகளுக்காக வைத்த கேமராக்களைக் கண்டு பெண்கள் காட்டுக்குள் பாடுவதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்கள், பழகிய இடங்களை விட்டு ஒதுங்கிப்போனார்கள் என்று அது சொல்கிறது. இயற்கை உபாதைக்காக மறைவிடம் தேடிப் போன ஒரு பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் பரவிய கொடுமையும் அதில் பதிவாகியிருக்கிறது. தேயிலை பறிக்கும் பெண்களிடம் எந்த மரத்தில் கேமரா இருக்கிறது என்று நேரில் போய்க் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் வைக்காதீர்கள். மனிதர் விழுந்த படங்களை ஒருவர் மட்டும் பார்த்து, அன்றே அழிப்பது என்று குழுவில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மெகாடிடெக்டர் மனிதப் படங்களைத் தனியே ஒதுக்கித் தருவதால் இது எளிது.

விலங்குகளின் இடத்தையும் அதே கவனத்தோடு காக்க வேண்டும். எறும்புத்தின்னி விழுந்தால் இடத்தை வெளியில் சொல்லாதீர்கள், அது உலகிலேயே மிக அதிகமாகக் கடத்தப்படும் விலங்குகளில் ஒன்று. சிறுத்தைப் படம் வந்த அன்றே ஊர்க் குழுவில் போடுவதும் வேண்டாம். அந்தச் சிறுத்தை பல ஆண்டுகளாக அதே பாதையில் நடந்திருக்கலாம், ஆனால் படம் பரவிய மறுநாளே கூண்டு வைக்கச் சொல்லிக் கோரிக்கை கிளம்பிவிடும்.

முதல் பன்னிரண்டு வாரம் முடிந்ததும் பெரிய அறிக்கை எழுத உட்கார வேண்டாம். ஒவ்வொரு சோலைக்கும் கரடி, காட்டுமாடு, சிறுத்தை படத்தில் விழுந்த மணி நேரங்களை மட்டும் ஒரு தாளில் வரைந்து, வனத்துறைக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். கரடி காலை ஏழு மணிக்கும் பாதையில் இருக்கிறது என்று தெரிந்தால், பிள்ளைகள் எந்த வழியாகப் போவது, தெருவிளக்கு எங்கே வேண்டும், குப்பையை எப்போது அள்ளுவது என்று அடுத்த கூட்டத்திலேயே பேசலாம். இரண்டாம் ஆண்டுப் படங்கள் வந்ததும் பன்னிரண்டு சோலைகளின் வாராந்திரப் பதிவையும் எடுத்துவைத்து, எது கூடியது, எது குறைந்தது என்று பார்க்கத் தொடங்குங்கள்.